ஐந்தாம் பட்டறை

யார் உள்ளே நுழைந்தாலும் பல்லுக்காரர் முதலில் பார்ப்பது வாயைத்தான். முகம், வந்த காரியம் எல்லாம் அப்புறம். பல் செட் செய்வது அவர் தொழில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் பசையை வைத்து அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறின் வடிவத்தை எடுத்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, போன பல் போகவே இல்லை என்கிற மாதிரி செய்து திருப்பி அனுப்புவார். முப்பத்தொரு வருடம் இதையே செய்தவருக்கு மனிதர்கள் பல்லின் பின்னால்தான் வந்து சேர்வார்கள்.

அன்று காலை பதினோரு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணின் மேல்வரிசையில் இடது முன்பல், வலது பல்லின் மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தப் பல்லை அவருக்குத் தெரியும். வேறொருவர் வாயில் பல வருடம் பார்த்த பல்.

"நீ தராசு மகதானே?"

"ஆமா மாமா. பார்த்து பத்துப் பதினஞ்சு வருஷம் இருக்கும். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உட்காரும்மா."

மேசைக்கு எதிரே உயரமான ஸ்டூல் ஒன்று இருந்தது. அதில் இப்போது பிளாஸ்டர் மாவுப் பை உட்கார்ந்திருந்தது. அதை இறக்கி வைத்து, ஸ்டூலைத் துணியால் தட்டித் துடைத்துக் கொடுத்தார். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். கடை அங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"அப்பா போயி ஒன்றரை மாசம் ஆச்சு மாமா."

"தெரியும்."

தெரியும் என்று சொல்வதற்கே வெட்கமாக இருந்தது. செய்தி வந்த அன்று சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனார். அங்கே ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பதினான்கு வருடம் பேசாதவன் பிணத்தோடு போய் என்ன பேசுவது என்று திரும்பி வந்துவிட்டார்.

அந்தப் பதினான்கு வருடத்துக்கு முந்தைய கதை இது.

அவள் அப்பா தராசு ரிப்பேர் செய்கிறவர். காய்கறிக் கடைத் தராசிலிருந்து நகைக்கடைத் தராசு, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை நிறுக்கும் தராசு வரை எல்லாம் அவர் கைக்குள் வரும். பல்லுக்காரரின் மேசைத் தராசைச் சரிபார்க்க வந்த அன்று அதன் தட்டில் கறுப்பாக ஏதோ வட்டமாகக் கிடந்தது.

"இது என்னய்யா, எதுலேருந்து கழண்ட திருகு?"

"ரோம ராஜா. ஆயிரத்து எழுநூறு வருஷத்து வெண்கலக் காசு."

"ராஜாவா? மூணு கிராம்கூடத் தேறலயே உங்க ராஜா!"

அதோடு ஒட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எதிர் ஸ்டூலில் தராசுக்காரர்தான். இருவரும் வெண்கலம் மட்டுமே சேர்த்தார்கள். தங்கக் காசு பெட்டியில் தூங்கியது, சந்தைக்குப் போய் வந்தது வெண்கலம் என்பது தராசுக்காரரின் கட்சி. ஒரு காசு புதிதாக வந்தால் அவர் தட்டில் வைத்து எடையை உரக்கச் சொல்வார், பல்லுக்காரர் சின்னக் காகித உறையின் மேல் எழுதிக்கொள்வார். காசு சேர்க்கிற மற்றவர்கள் எல்லாம் "இது எங்கே கிடைத்தது தெரியுமா" என்று ஆரம்பிக்கிறவர்கள். தராசுக்காரர் அவர்களைக் கையமர்த்துவார். "எடையை முதல்ல சொல்லு, கதையை அப்புறம் சொல்லு."

அந்தக் காசுகள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். அவை வார்த்தவை அல்ல, அடித்தவை. பட்டடையில் கீழச்சு ஒன்று பதிந்திருக்கும், அதில் ராஜாவின் முகம் பள்ளமாக வெட்டியிருக்கும். உளி மாதிரி கையில் பிடிக்கிற மேலச்சில் பின்பக்கத்துப் படம். நடுவில் காய்ச்சிய வெண்கல வில்லையை வைத்து சம்மட்டியால் ஒரே போடு. அச்சில் பள்ளமாக இருப்பதெல்லாம் காசில் மேடாக எழும். அச்சுகளைக் கையால்தான் வெட்டினார்கள். ஒரே ஆள் ஒரே நாளில் வெட்டினாலும் இரண்டு அச்சு ஒன்றுபோல் அமையாது. ஆகவே இரண்டு காசில் அதே கோடு அதே இடத்தில் அதே மாதிரி கோணியிருந்தால் அவை ஒரே அச்சின் பிள்ளைகள். சந்தேகமே வேண்டாம்.

ஒரு நாணயச்சாலைக்குள் பல பட்டறைகள் இருக்கும். எந்தப் பட்டறைக் காசு என்று பின்னால் தெரிய வேண்டுமே! அதற்காகப் பின்பக்கத்தில் படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கிரேக்க எழுத்து வைப்பார்கள். ஒரு நெட்டுக் கோடு, அதன் தலையில் ஒரு குறுக்குக் கோடு என்றால் மூன்றாம் பட்டறை. அதே நெட்டுக் கோட்டில் தலையிலும் நடுவிலும் அடியிலுமாக மூன்று குறுக்குக் கோடு என்றால் ஐந்தாம் பட்டறை. இரண்டுக்கும் வித்தியாசம் எறும்பின் கால் அளவுக்கு இரண்டு கோடுகள்தான்.

பல்லுக்காரர் கைக்கு ஒரு நாள் மண் ஓடு மூடிய காசு ஒன்று வந்தது. இரண்டு கோபுரமும் நடுவில் நட்சத்திரமுமாக ஒரு கோட்டை வாசல். அந்த நாணயச்சாலையில் நான்கு பட்டறைகள்தான் இருந்தன என்று எல்லாப் பட்டியல்களும் சொல்லின. வெண்கலக் காசு பூமிக்குள் கிடந்தால் அதன் மேல் களிம்பு ஏறும், களிம்பின் மேல் மண் இறுகிக் கல்லாகும். அதை எடுக்க அமிலம் கூடாது. வடித்த தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப் போட்டு, பிறகு ஊசியால் பொடிப்பொடியாகக் கிள்ள வேண்டும். பல்லுக்காரரிடம் அதற்குத் தேவையான எல்லாமே இருந்தன: பல் கிண்டும் ஊசி, நெற்றியில் மாட்டும் விளக்கு, கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி, அசையாத கை. ஐந்து மாதம் சாப்பாட்டு வேளையில் அரைமணி நேரம் அதற்கென்றே ஒதுக்கினார். கடைசியில் கோட்டை வாசலுக்கு அடியில் எழுத்து தெரிந்தது. மூன்று குறுக்குக் கோடு!

ஐந்தாம் பட்டறை என்று ஒன்று இருந்திருக்கிறது. உலகத்தில் யாருக்கும் தெரியாதது இந்த மாவு படிந்த அறையில் இவருக்குத் தெரிந்தது. மேலே மெழுகு பூசி, படம் எடுத்து, நாணயச் சங்கத்தின் இதழுக்குக் கட்டுரை எழுதினார். பட்டியலில் அதற்கென்று தனி எண் கொடுத்தார்கள்.

தராசுக்காரர் மட்டும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தலைக் கோடு வெண்கலம். சரி. நடுக் கோடும் அடிக் கோடும் எனக்கென்னமோ மண்ணு மாதிரி தெரியுதுய்யா."

"என்ன சொல்ற?"

"சுத்தி இருந்த மண்ணை எடுத்துட்டு, நடுவுல கொஞ்சம் மண்ணை விட்டுட்டா அதுவும் மேடாத்தானே நிக்கும்? மெழுகு வேற பூசிட்ட. ஊசியை எடு. நடுக் கோட்டுல வை. வெண்கலம்னா நிக்கும், மண்ணுன்னா உதிரும். நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறேன். ஒரு நிமிஷ வேலை."

"என் காசுல ஊசி வைக்கச் சொல்றியா?"

"நீதானய்யா அஞ்சு மாசமா வச்ச!"

அந்தப் பதிலில் பல்லுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பொறாமை என்றார். தராசு ரிப்பேர் செய்கிறவனுக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார். அதற்கு மேலும் ஒன்று சொன்னார், அதை இப்போது நினைத்தால் அவருக்கே காது கூசும். தராசுக்காரர் ஸ்டூலிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மறு ஞாயிறு வரவில்லை. அதற்கு மறு ஞாயிறும் வரவில்லை.

இப்போது அந்த ஸ்டூலில் அவர் மகள் உட்கார்ந்து, கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் காகித உறையை எடுத்தாள்.

"தன் காசையெல்லாம் அப்பா சங்கத்துக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு. இது ஒண்ணை மட்டும் உங்ககிட்ட கையில குடுக்கணும்னாரு. தபால்ல அனுப்பக் கூடாதாம்."

உறையின் மேல் பென்சிலில் சீரான கையெழுத்து. 3.07 கிராம். 19 மில்லிமீட்டர். கீழே கிடைத்த தேதி. அதற்கும் கீழே ஒரே சொல்: பல்லுக்கு.

அந்தத் தேதி பதினொரு வருடம் முந்தையது. பல்லுக்காரருக்கு அந்த மாதமே நன்றாக ஞாபகம் இருந்தது, மறக்கவே முடியாத மாதம் அது.

"அது ஏதோ ஒரு கூட்டத்துக்கு மூணு நாள் முந்தி கிடைச்சுதாம் மாமா. உங்களுக்குப் பாராட்டுக் கூட்டம்னு சொன்னாரு. சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போனாரு. உங்ககிட்ட குடுத்துட்டு வரேன்னுதான் போனாரு. திரும்பி வந்து பார்த்தா அதே பையில இருக்கு. ஏம்ப்பா குடுக்கலன்னேன். 'மேடையில முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிச்சுக்கிட்டு நின்னான். எப்படிக் குடுக்கிறது? இருக்கட்டும்'னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் வருஷா வருஷம் எடுத்துப் பார்ப்பாரு, எடை போடுவாரு, வச்சிருவாரு. அதுல என்ன மாமா இருக்கு? ரொம்ப உசத்தியா?"

"பார்க்கிறேம்மா. பார்த்துட்டுச் சொல்றேன்."

அந்தக் கூட்டத்தில் பின்வரிசைக்கும் பின்னால், சுவரோரமாகத் தராசுக்காரர் நின்றதை அவர் மேடையிலிருந்தே பார்த்திருந்தார். கை சட்டைப் பையைத் தடவியபடி இருந்ததையும் பார்த்தார். பக்கத்தில் இருந்த மனைவியின் காதில், "பாரு, வயித்தெரிச்சல் தாங்காம நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் தராசுக்காரர் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

மகள் போன பிறகு கதவைத் தாழிட்டார். உறையிலிருந்து காசை உள்ளங்கையில் சாய்த்து, விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டார்.

கோட்டை வாசல். நட்சத்திரம். நட்சத்திரத்தின் எட்டுக் கதிர்களில் மேல் இடது கதிர் மட்டும் குட்டை. இடது கோபுரத்தின் உச்சியிலிருந்து நட்சத்திரம் வரை மெல்லிய மேட்டு வரி ஒன்று ஓடியது. அது அச்சில் விழுந்த விரிசல். அச்சு விரிசல் விட்டால் அடுத்து அடிக்கிற காசில் எல்லாம் அது ஒரு நரம்பு போல எழுந்து நிற்கும். அந்தக் குட்டைக் கதிரையும் அந்த நரம்பையும் அவர் தன் உள்ளங்கை ரேகையைவிட நன்றாக அறிவார். இழுப்பறையிலிருந்து தன் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒப்பிட வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் ஒப்பிட்டார். ஒரே அச்சு.

ஒரே அச்சு என்றால் ஒரே எழுத்து. தராசுக்காரரின் காசை யாரும் ஊசியால் தொட்டதே இல்லை. மண் ஏறாத நல்ல நிலத்தில் கிடந்திருக்க வேண்டும். பச்சைக் களிம்பு விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே சீராகப் படிந்திருந்தது. கோட்டை வாசலுக்கு அடியில் எழுத்து தெளிவாக இருந்தது. ஒரு நெட்டுக் கோடு. தலையில் ஒரு குறுக்குக் கோடு. நடுவில் ஒன்றுமில்லை. அடியில் ஒன்றுமில்லை. அங்கே பச்சை வழவழவென்று குளம் மாதிரி கிடந்தது.

மூன்றாம் பட்டறை.

அவருக்கு முதலில் தோன்றியது ஒரு வேடிக்கையான எண்ணம். ஊசி கையில்தான் இருக்கிறது. கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் பச்சைப் பொடி, இரண்டே இரண்டு கோடு. இந்தக் காசிலும் ஐந்தாம் பட்டறையைக் கொண்டுவந்துவிடலாம். இல்லாத பல்லை இருந்த மாதிரி செய்கிறவருக்கு இது பத்து நிமிட வேலை. யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் போய்விட்டார்.

இப்படி நினைத்த மாத்திரத்தில் அன்று நடந்தது என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் ஏமாற்றவில்லை. ஐந்து மாதமும் நேர்மையாகத்தான் கிள்ளினார். மண்ணுக்குள் ஒரு நெட்டுக் கோடு தெரிந்தது, தலையில் ஒரு கோடு தெரிந்தது. நடுவில் ஏதோ ஒரு மணல் துணுக்கு தடித்து நின்றது. அது கோடாக இருக்கலாம் என்று கண் சொன்னது. கோடு என்றால் பத்திரமாக விட வேண்டுமே! ஊசி அதைச் சுற்றிக்கொண்டு போனது. அடியில் இன்னொன்று இருந்தாக வேண்டும் என்று கண் தேடியது, ஊசி அதையும் விட்டுவைத்தது. எங்கே பல் இல்லையோ அங்கே பல் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பழகிய கை. கை தன் வேலையைச் செய்தது.

மதியம் மனைவி சாப்பாட்டோடு வந்தபோது இரண்டு காசும் வெள்ளைத் துணியில் கிடந்தன, அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ராஜாவுக்குப் பல் வலியா? மூஞ்சி இப்படி இருக்கு."

அவர் சொன்னார். விரிசலைக் காட்டினார், குட்டைக் கதிரைக் காட்டினார். இத்தனை வருடம் இந்தக் காசுகளை வைத்து அவரைக் கேலி செய்தவள், அன்று கண்ணாடியை வாங்கி நிதானமாகப் பார்த்தாள்.

"அப்போ தராசு அண்ணன் சொன்னது சரி."

"சரி."

"பதினோரு வருஷமா அவருக்கு இது நிச்சயமா தெரியும்."

"தெரியும்."

"ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "சங்கத்துல சொல்லியிருந்தா உங்களை நாறடிச்சிருக்கலாம். நீங்களா இருந்தா விட்டிருப்பீங்களா?"

சாப்பாடு அப்படியே இருந்தது. அவள் அதை மூடி வைத்துவிட்டு, போகும்போது, "அண்ணன்கிட்ட மன்னிப்பு கேக்க வழியில்ல. சொல்ல வழி இருக்கிற இடத்துலயாவது போய்ச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலை சங்கத்தின் செயலாளருக்குப் போன் செய்தார். செயலாளர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இதழுக்கும் அவரே ஆசிரியர்.

"சார், நம்ம கோட்டை வாசல் காசு. ஐந்தாம் பட்டறை. அது தப்பு சார். அப்படி ஒரு பட்டறையே இல்ல. திருத்தம் போடணும்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "என்ன சார் காலையிலேயே! உங்க குழந்தையை நீங்களே இல்லைங்கிறீங்க?"

பல்லுக்காரர் எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினார். ஒரே அச்சு, விரிசல், ஊசி படாத களிம்பு. செயலாளர் பொறுமையாகக் கேட்டார்.

"அவரோட காசுல அடியில தேஞ்சிருக்கும் சார்."

"தேயல சார். தலைக் கோடு கத்தி மாதிரி நிக்குது. ஒரு கோடு நின்னு, பக்கத்துல இருக்கிற ரெண்டு கோடு மட்டும் எப்படித் தேயும்?"

"அச்சுல தூசி அடைச்சிருக்கும். அடைச்சா அந்த இடம் காசுல எழாது. நீங்கதானே அதைப்பத்தி ஒரு கட்டுரை எழுதினீங்க?"

எழுதியிருந்தார்.

"அதோட," என்றார் செயலாளர், "உங்க காசு ஒண்ணு மட்டும்னா யோசிக்கலாம். உங்க கட்டுரைக்கு அப்புறம் இன்னும் மூணு வந்திருக்கே! பதிவேட்டுல இருக்கு. மூணுலயும் மூணு குறுக்குக் கோடு சுத்தமா இருக்கு. அதுல ஒண்ணு என்னோடதுதான்."

"உங்களோடதா?"

"ஆமா. எட்டு வருஷம் ஆச்சு. மண்ணு மூடிக் கிடந்துச்சு. நானே சுத்தம் பண்ணினேன். உங்க கட்டுரையில போட்ட பெரிய படம் இருக்கில்ல, அதைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் கிள்ளினேன். கோடு எங்கெங்க வரும்னு உங்க படத்தைப் பார்த்துப் பார்த்து... ரொம்ப உதவியா இருந்துச்சு சார்."

பல்லுக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துத் துணியின் மேல் வைத்தார். பிறகு மறுபடி எடுத்தார். மூன்று பேர். மூன்று மேசை, மூன்று விளக்கு, மூன்று ஊசி. மூன்று நேர்மையான ஆட்கள் அவருடைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மண்ணுக்குள்ளிருந்து அவருடைய தவறை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

"சார், ஒண்ணு பண்ணுங்க," என்றார். "உங்க காசுல நடுக் கோட்டுல ஊசியை வச்சுப் பாருங்க. வெண்கலம்னா நிக்கும். மண்ணுன்னா உதிரும். ஒரு நிமிஷ வேலை."

செயலாளரின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"என் காசுல ஊசி வைக்கச் சொல்றீங்களா?"

அதே சொல். அதே மிடுக்கு. பதினான்கு வருடம் கழித்து எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பது போல இருந்தது. தராசுக்காரருக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"நண்பர் போன துக்கத்துல இருக்கீங்க," என்றார் செயலாளர் பிறகு, இறங்கிவந்து. "ரெண்டு மாசம் போகட்டும். ஒரு பக்கம் நாலு காசு, ஒரு பக்கம் ஒரு காசு. நான் என்னன்னு திருத்தம் போடுவேன்? நாளைக்குப் படிக்கிறவன் என்னைக் கேப்பான் சார்." வைத்துவிட்டார்.

அன்று வேலை ஓடவில்லை. ஒரு கிழவருக்கான கீழ்வரிசை மெழுகில் பாதி நட்டபடி நின்றது. மூன்று மணி வாக்கில் வெயில் சன்னல் வழியாக மேசைக்கு வந்தது. பல்லுக்காரர் தன் காசை எடுத்தார். அடுத்தவர் காசில் ஊசி வைக்கச் சொல்லலாம், தன் காசில் வைக்க யாரைக் கேட்க வேண்டும்?

முதலில் அதைத் தராசில் வைத்தார். அந்தத் தராசின் பக்கவாட்டில், சரிபார்த்த தேதியும் கையெழுத்துமாக ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. பதினான்கு வருடத்துக்கு முந்தைய சீட்டு. வேறு ஆளைக் கூப்பிட மனம் வராமல், அதன் பிறகு அவர் அதைச் சரிபார்க்கவே இல்லை. 2.94 என்று காட்டியது.

மெழுகை முதலில் பஞ்சால் துடைத்து எடுத்தார். அது போனதுமே நடுக் கோட்டின் நிறம் மங்கியது. ஊசியை அதன் நுனியில் வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார், அவ்வளவுதான். கோடு ஒரு மூச்சுக்கு நின்றது. அந்த ஒரு மூச்சில், நின்றுவிடு, நின்றுவிடு என்று அவர் கெஞ்சினார். தராசுக்காரர் தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்போதும் அவர் மனசு ஆசைப்பட்டது. அந்த ஆசை அவர் காதிலேயே விழுந்தது.

உதிர்ந்தது. பழுப்பாக, மாவு மாதிரி. அடிக் கோட்டுக்கு ஊசிகூடத் தேவைப்படவில்லை, பஞ்சின் ஓரம் பட்டதற்கே போய்விட்டது. கீழே பச்சை வழவழவென்று குளம் மாதிரி கிடந்தது, பக்கத்துக் காசில் இருந்தது போலவே. இப்போது இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

நிமிர்ந்தபோதுதான் தான் செய்த காரியம் அவருக்கு விளங்கியது. படம் எடுக்கவில்லை. பக்கத்தில் ஆள் இல்லை. கோடு மண்தான் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அந்தக் கோடுதான், அதைத் துடைத்தாகிவிட்டது. நாளைக்கு இதைக் கொண்டுபோய்க் காட்டினால் செயலாளர் என்ன சொல்வார் என்று தெரியும். துக்கத்தில் புத்தி பேதலித்து நல்ல காசைச் சுரண்டிவிட்டார் என்பார். மிச்சம் மூன்று காசும் மெழுகு மினுங்க அவரவர் பெட்டிக்குள் இருக்கும். பட்டியலில் எண் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் யாரோ, எங்கோ, ஊசியை எடுப்பார்கள். ஐந்தாம் பட்டறை இனி இவர் இல்லாமலே நடக்கும்.

நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறேன் என்று ஒருவர் சொன்னார். அந்தச் சோதனைக்கு ஊசி பாதிதான். மீதிப் பாதி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆள். அது அன்றைக்கு மட்டும் நடந்திருக்கக்கூடிய காரியம்.

துணியில் கிடந்த பழுப்புத் தூளை விரல் நுனியால் ஒற்றிப் பார்த்தார். ஒரு சிட்டிகைகூட இல்லை. அந்தக் காசைத் திரும்பவும் தராசுத் தட்டில் வைத்தார். எண்கள் கொஞ்சம் ஓடி, நின்றன. முன்னால் காட்டியதேதான். தராசுக்குத் தெரிகிற அளவுக்கு எதுவும் அந்தக் காசிலிருந்து போகவில்லை.

"ரெண்டு புள்ளி ஒன்பது நாலு," என்று பல்லுக்காரர் உரக்கச் சொன்னார்.

எப்போதும் எடை சொல்கிற ஆள் எதிர் ஸ்டூலில் இல்லை. இன்னொரு தடவை சொன்னார். பிறகு தானே பென்சிலைத் தேடி எடுத்து, தராசுக்காரரின் உறையில், அவருடைய 3.07-க்குக் கீழே, அதை எழுதினார்.